வெள்ளைக்கரு மட்டும்

மூன்றாம் நாள்
வயிற்றில் கட்டிக்கொண்டு வந்த சோற்றுமூட்டை தீர்ந்துபோக,
தொட்டியின் அடியை விட்டு எழும்பின
கெளுத்திக் குஞ்சுகள்.
நாற்பதாயிரம் என்று சொல்லித்தான் விற்றார்கள்.
நான் எண்ணவில்லை.
யாரோ தேயிலைத் தூளைத் தண்ணீரில் தட்டிவிட்டதுபோல் இருந்தது.

உகெல்லியில் என்னுடையது முடி பின்னும் கடை.
பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே,
இரண்டு தொட்டி, ஒரு காற்றுக்குழாய்,
மின்சாரம் போனால் இருமிக்கொண்டே எழும்பும் ஜெனரேட்டர்.
தீனி டின்னின் விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று
முட்டை அவித்தேன்.
மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீருக்குள் பிழிந்தால்
புகைபோலப் பரவும்.
வெள்ளைக்கரு என் மகன் தெஜிரிக்கு.
காலையில் வெள்ளை, மாலையில் வெள்ளை.
"மஞ்சள் எனக்கு எப்போது?" என்றான்.
மீன் விற்றதும், என்றேன்.

நான்காம் இரவு பெருமழை.
டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.
பசி, என்று நினைத்தேன்.
இன்னொரு முட்டை பிழிந்தேன்.
இன்னும் திறந்தன.
இன்னொன்று.
வாய் திறப்பதெல்லாம் சோற்றுக்கு என்றுதானே
எந்த அம்மாவும் நினைப்பாள்.
அவை கேட்டது மூச்சு.
அழுகிய மஞ்சளில் மூச்சு தீர்ந்துபோயிருந்தது.
விடிந்தபோது தொட்டி முழுக்க வெள்ளையாக இருந்தது.
தெஜிரி எட்டிப் பார்த்தான்,
ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை கடன் வாங்கி டின்னையே வாங்கினேன்.
காப்பிப் பொடி போன்ற முட்டைகள்.
உப்புநீரில் போட்டு, காற்றுவிட்டு, பல்பை எரியவிட்டு
ஒரு பகல் ஓர் இரவு காத்திருந்தால்
செம்மஞ்சள் தூசி ஒன்று உயிர்பெற்று
வெளிச்சத்தின் பக்கமாய் நகரும்.
வடிகட்டி, உப்புப் போகக் கழுவி,
பாட்டில் மூடியில் பாதி. பாதிதான்.
குஞ்சின் வயிறு கண்ணாடி.
தின்றது தெரியும்: சின்னச் சின்ன ஆரஞ்சுப் பொட்டுகள்
தண்ணீரெங்கும் ஏற்றப்படும்.
பொட்டு தெரிந்துவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.
கையை எடுப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

இரண்டு மணிக்கொரு தரம்.
பாதிப் பின்னலில் எழுந்து போவேன்.
மிச்சத்தைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பேன்.
ஒருமுறை தவறி விழுங்கியும் இருக்கிறேன்.
"என்ன ருகேவ்வே, உன் விரலில் கடல் வாசம் அடிக்கிறது,
அதையா என் தலையில் வைக்கிறாய்?" என்றாள் வாடிக்கைக்காரி.
டின்னில் அடைத்த கடல், என்றேன்.
பின்னலுக்குப் பாதிக் காசுதான் கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒன்றுக்கு
முன்னால் ஒரு வால், பின்னால் ஒரு வால்.
உற்றுப் பார்த்தேன்:
முன்னால் இருந்தது அதன் தம்பி.
ஒரே தொட்டி, ஒரே மூடி, ஒரே நேரம்;
ஆனாலும் ஏதோ ஒன்று ஒரு வாய் அதிகம் தின்றுவிடுகிறது,
பிறகு அதற்கு மற்றவையெல்லாம் தீனி.
சல்லடையில் சலித்துப் பெரியவற்றை நீலச் சட்டியில் விட்டேன்.
சட்டிக்குள் ஒன்றையொன்று அளந்தபடி சுற்றின.

குஞ்சு வாங்க வந்த ஒனோரியோடே
குந்தி உட்கார்ந்து முதலில் பார்த்தது நீலச் சட்டியைத்தான்.
"இவை போதும், நல்ல வளர்ச்சி."
எப்படி வளர்ந்தன என்று நான் சொல்லவில்லை.
அவனுக்குத் தெரியாமலும் இருக்காது.
கூடுதல் விலை கொடுத்தான். எண்ணி வாங்கிக்கொண்டேன்.

சிறியவை இன்னும் என்னிடம்தான்.
இப்போது மாவுத்தீனி, விரல்நுனியில் ஒட்டும் அளவு.
மீசை முளைத்துவிட்டது.
என் நிழல் விழுந்தால் மூலைக்கு ஓடுகின்றன,
நிழல் அசையாமல் நின்றால் திரும்பி வருகின்றன.

அன்று மாலை ஒரு முட்டை அவித்து
முழுசாகத் தட்டில் வைத்தேன்.
தெஜிரி வெள்ளையைச் சுற்றிச் சுற்றிக் கடித்துத் தின்றான்.
மஞ்சளை உருண்டை கலையாமல் எடுத்துக்கொண்டு
பின்புறம் நடந்தான்.
"டேய்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.
தொட்டி விளிம்பில் கையை நீட்டியபடி நின்றிருந்தான்,
போடட்டுமா என்று
என்னைப் பார்த்துக்கொண்டு.